தெத்துப்பல்

பல்லில் போட்டிருந்த கம்பியைக் கழற்றும் அன்றைக்குத்தான் அம்மா முதல்முறையாக என்னுடன் ஆரப்பாளையம் பல் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு வருடமாக நான் தனியாகத்தான் போய்வந்தேன். கம்பியை இறுக்கிய நாட்களில் சோற்றைக் கரைத்துக் கரைத்து நான் குடித்தபோதுகூட, "யாரு ஒன்னயப் போடச் சொன்னா?" என்பதோடு அவள் அக்கறை முடிந்துவிடும். அப்படிப்பட்டவள் அன்று காலையிலேயே தலைசீவி, பவியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அலங்காநல்லூரில் எனக்கு முன்னால் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவைத்திருந்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நான் எப்போதுமே கொஞ்சம் மக்குதான்.

பவி என்கிற பவதாரிணி என் அக்கா மகள். மூன்று வயது. அக்கா தமிழ்வாணி கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். வேலை முடிந்து வண்டியில் திரும்பும்போது லாரி மோதிச் செத்துப்போனாள். பவி அப்போது பால்குடி மறக்கவில்லை. அன்றிலிருந்து பிள்ளை எங்கள் வீட்டில்தான் வளர்கிறது. அக்கா வீட்டுக்காரர் அழகுபாண்டி மச்சான் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அக்காவுக்கும் எனக்கும் மேல்வரிசையில் இடது பக்கம் ஒரே இடத்தில் தெத்துப்பல். அவள் சிரித்தால் அந்தப் பல் ஏறி நின்று தனியாக ஒரு சிரிப்புச் சிரிக்கும். அது அவளுக்கு எடுப்பாக இருக்கிறது என்று ஊரே சொல்லும். அவள் உயிரோடு இருந்தவரை என் பல்லை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. கருமாதிக்கு வந்த பெரியம்மாதான் முதலில் பார்த்தாள். என் கன்னத்தைப் பிடித்துத் தூக்கி, "அப்படியே வாணிய உரிச்சு வச்சிருக்காளே! அழகுபாண்டி வேற எங்கிட்டுப் போயிப் பொண்ணு தேடப்போறான்? புள்ளைக்குச் சித்தியே சித்தியா வந்துட்டாப் போச்சு" என்றாள். சுற்றியிருந்த பொம்பளைகள் தலையாட்டினார்கள். அழுதுகொண்டிருந்த அம்மாவும் ஆட்டினாள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கச்சி. அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வருகிறவளும் சித்திதான். இரண்டு பேருக்கும் ஒரே சொல்லை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. எனக்கு முதல் சித்தியாக இருந்தால் போதும். மச்சான் கெட்டவராக இருந்தால் மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம். அவரோ எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற ஆள். அதனால் வாயால் சொல்ல முடியாததைப் பல்லால் சொன்னேன். ஸ்கேன் சென்டர் வரவேற்பில் உட்கார்ந்து வாங்குகிற என் சம்பளத்தில், அடுத்த மாதமே கம்பி போட்டுக்கொண்டேன். அக்காவின் பல் என் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரிசையில் போய் நின்றது.

கம்பியைக் கழற்றி முடித்ததும் டாக்டர் முபீனா கண்ணாடியை என் கையில் கொடுத்தார். நான் சிரித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அம்மா மட்டும் சுவரில் இருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை இன்னும் முடியலம்மா தாமரை," என்றார் டாக்டர். "பல்லுக்குப் பழைய இடத்து நெனப்பு இருக்கும். புடிச்சு வைக்கலேன்னா மெல்ல மெல்ல அங்கிட்டே போகப் பார்க்கும். அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பல்லுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு கம்பிய ஒட்டி விட்டுர்றது. வெளிய தெரியாது, கழட்டவும் வேணாம். ஆனா தேய்ச்சு சுத்தமா வைக்கிறது கொஞ்சம் பாடு. முறுக்கு, கரும்பெல்லாம் பாத்துக் கடிக்கணும். இன்னொண்ணு, கண்ணாடி மாதிரி ஒரு பிளேட்டு. சாப்பிடுறப்பக் கழட்டிக்கலாம், ஆனா போடுறதுக்குச் சோம்பல் படக்கூடாது. தொலைச்சிரக் கூடாது. சுடுதண்ணில மட்டும் கழுவிரக் கூடாது, நெளிஞ்சிரும்."

"போடாம விட்டுட்டா பழையபடி வந்துருமா டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா. அவள் வாயைத் திறந்ததே அப்போதுதான்.

"கொஞ்சம் கொஞ்சமா வரும்மா. அதுவும் இவுங்களுக்குத் தெத்துப்பல்லா இருந்தது, சீக்கிரமே எட்டிப் பார்க்கும்."

"அப்ப கழட்டுறதே இருக்கட்டும். வயசுப்புள்ள வாயில என்னத்துக்குக் காலம்பூரா கம்பி?"

பிள்ளைக்குப் பாடு வேண்டாம் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எனக்காக அவள் ஒரு வார்த்தை பேசி எத்தனையோ நாளாயிற்று. அந்த ஆசையில் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பிளேட்டை ஒரு நீலநிற டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். சாப்பிடும்போது கழற்றி, கை கழுவும் தொட்டிக்கு மேலிருக்கும் பலகையில் வைப்பேன். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனது. ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்தால் டப்பா திறந்து கிடக்கிறது, பிளேட்டைக் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன்.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றாள் அம்மா. எங்கள் வீட்டு எலிக்கும் பல்வரிசையில் ஆசை வந்துவிட்டது போல என்று சொல்லி நான்தான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வேலையில் லீவு கேட்டு, மறுபடி அளவு கொடுத்து, இரண்டாவது பிளேட் வந்து சேர்வதற்கே நாளாகிவிட்டது. அதைக் கண்ணும் கருத்துமாகத்தான் வைத்திருந்தேன். ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், அடுப்பில் பவியின் பால்பாட்டிலோடு சேர்ந்து அதுவும் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் எடுத்தபோது வெயிலில் வாடிய வெற்றிலை மாதிரி சுருண்டிருந்தது.

"சுத்தமா இருக்கட்டுமேன்னு போட்டேன்," என்றாள்.

பாட்டிலைக் கொதிக்கவைத்தே பழகிய கை, ஏதோ நினைப்பில் போட்டிருக்கும் என்று அதையும் நம்பினேன். அந்த நேரம் பார்த்து ஸ்கேன் சென்டரில் கூட்டம். மறுபடி லீவு கேட்க வாய் வரவில்லை. "விடு, பல்லுதான் நேராயிருச்சே. இன்னும் எம்புட்டு நாளைக்கு அதைக் கட்டிக்கிட்டு அழுகப்போற?" என்றாள் அம்மா. நானும் விட்டுவிட்டேன். இடையில் ஒருநாள் கண்ணாடியில் இடது பக்கம் லேசாக எட்டிப்பார்ப்பது தெரிந்தது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் பூந்தி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பவி ஒரு பூந்தியை மூக்கில் ஒட்டிக்கொண்டு மூக்குத்தி என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பல்லை மறந்து நான் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், மச்சான் கையில் தண்ணீர்ச் செம்போடு என்னையே பார்த்தபடி நின்றார்.

"வாணி..." என்றார்.

சொன்ன மறுநொடி தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்கு மட்டும் முகமெல்லாம் பூரித்துப்போனது. ஓடிவந்து பவியைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்து, "ஏத்தா, அம்மா பல்லு எங்க? காமி. அம்மா பல்லு எங்க?" என்றாள்.

பவிக்கு இது புது விளையாட்டில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் முதலில் சுவரில் மாலை போட்டிருந்த அக்கா படத்தைக் காட்டினாள். பிறகு என் உதட்டை விலக்கி, பூந்திச் சர்க்கரை ஒட்டிய விரலை உள்ளே விட்டு, இடது பக்கம் நேராகப் போய்த் தொட்டாள். "அம்மா," என்றாள்.

நான் அவள் விரலை மெல்ல எடுத்துவிட்டேன். மச்சான் செம்பைக் கீழே வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அடுப்படிக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"வேணும்னேதான் கொதிக்க வச்சியா?"

அவள் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எலி?"

"தொட்டியில போட்டேன். குப்பத்தொட்டியில." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கண்ணுக்குள்ளயே நிக்கிறாடி அவ. படத்துல பாத்தா அம்புட்டும் காகிதம். ஒன் வாயில உசுரோட இருந்துச்சு. அதையும் நீ காசு குடுத்து அழிச்சுப்புட்ட. நான் யார்கிட்டப் போயிச் சொல்ல?"

"அப்ப என்னயப் பாக்க ஒனக்குத் தோணலையா?"

"ஒன்னயத்தானடி பாக்குறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளைக்கு எவளோ ஒருத்தி சித்தின்னு வந்து இந்தப் புள்ளைய அடிச்சாக் கேக்க ஆளிருக்கா? கூடப்பொறந்தவ நீ போனா என்ன கொறஞ்சா போயிருவ?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பால்பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். பவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாளே ஆரப்பாளையம் போனேன். டாக்டர் முபீனா வாயைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"ரெண்டு பிளேட்டும் போச்சா? அம்மா வரலையா இன்னைக்கு?"

"வரல டாக்டர். பல்ல இறக்கிட்டு, பின்னாடி கம்பிய ஒட்டி விட்ருங்க."

"யோசிச்சுக்கங்க. அப்புறம் கழட்டி வைக்கலாம், போட்டுக்கலாங்கிற பேச்சே இல்ல."

"அதுக்குத்தான் டாக்டர்."

பல் மறுபடி இறங்கி வரிசையில் நிற்கச் சில மாதம் பிடித்தது. அதற்குள் ஒருநாள் மச்சான் ஸ்கேன் சென்டருக்கே வந்தார். வெளியே டீக்கடையில் நின்று, குடிக்காமலேயே கிளாசைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒன்னயக் கேக்கச் சொல்லி அத்தை ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டே இருந்தாக, தாமரை. நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். அன்னைக்கு வாயில வேற பேரு வந்துருச்சு பாத்தியா, அது தெனம் வரும். நீ அதைக் கேட்டுக்கிட்டு ஒரு வீட்டுல இருக்கக்கூடாது." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பொண்ணு பாத்திருக்காக வீட்டுல. பவியக் கூட்டிட்டுப் போகணும்."

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. பவியைக் கூட்டிப்போகிற ஆளுக்கு எப்படி நன்றி சொல்வது? "சரிங்க மச்சான்," என்றேன். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

கம்பி ஒட்டிய அன்று நாக்கால் தொட்டுப் பார்த்தேன். பல்லுக்குப் பின்னால் தையல் போட்ட மாதிரி இருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வலிய அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் என் முகத்தில் இடது பக்கம் தேடினாள். இல்லை என்றதும் அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போதெல்லாம் என் தோளைப் பார்த்தே பேசினாள். அதற்குப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இன்றுவரை பழகவில்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம், பவியைக் கூட்டிப்போக மச்சான் வந்தார். வண்டியில் புதுப்பெண் வரவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல புத்தி. பவியின் துணிப்பையை அம்மா கட்டிக்கொடுத்தாள். அக்கா படத்தையும் துணி சுற்றி உள்ளே வைத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, வெளியே எடுத்து மறுபடி சுவரில் மாட்டினாள்.

பவியை வண்டியின் முன்னால் உட்காரவைத்தேன். அவள் என் கழுத்தைப் பிடித்து இழுத்து, கேட்காமலேயே உதட்டை விலக்கி விரலை விட்டாள். இடது பக்கம் போனாள். தடவினாள். திரும்பவும் முன்பல்லிலிருந்து எண்ணுகிறவள்போல ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். பிறகு விரலை உள்பக்கம் வளைத்து, கம்பியில் வைத்துக்கொண்டாள்.

"இது என்னா?"

"கம்பி."

"எதுக்கு?"

"பல்லு ஓடிப்போகாம இருக்கறதுக்கு."

கம்பியை நகத்தால் சுரண்டினாள். "அம்மா பல்லு ஓடிப்போச்சா சித்தி?"

அவள் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிட்டாள். அதற்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பெற்ற வயிறு மாதிரி என் வயிறு எரிந்தது. இன்று சாயங்காலம் உசிலம்பட்டிக்காரியையும் அவள் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். நாள் போகப்போக அந்த வார்த்தைக்கு அந்த முகம்தான் நிற்கும்.

"ஓடிப்போகலடி," என்றேன். "நான்தான் வெரட்டி விட்டுட்டேன்."

பவி விரலை எடுத்து, எச்சிலைத் தன் அப்பா சட்டையில் துடைத்துக்கொண்டாள். என்மேல் கோபமாக வாயைச் சுழித்துக்கொண்டு, கைகாட்டாமல் போனாள். வாசலில் நின்ற அம்மா, நான் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, என்னைத் தாண்டி உள்ளே போய், பழக்கத்தில் அடுப்பில் கொதிக்கப் போட்டிருந்த பால்பாட்டிலை இறக்கிவைத்தாள்.