பெட்டிக்குள் போன தெரு

அயல்நாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பவில்லை. ஒரு பெட்டியை அனுப்பியிருந்தது. வழக்கம்தான். முதலீட்டு வரவேற்பு அலுவலகத்தில் அதற்கு ஏசி அறை ஒதுக்கியிருந்தார்கள்.

இயக்குநர் தேவசகாயம் பெட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார். அது நழுவியது. முதுகுப் பக்கம் போர்த்திவிட்டோமோ என்று பதறி, பெட்டியைத் திருப்பி மறுபடி போர்த்தினார். புகைப்படக்காரர் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

“பக்கத்து நாட்டுக்காரன் இந்தக் கம்பெனிக்கு ஒரு ஆத்தையே குடுத்துட்டான்மா,” என்று தேவசகாயம் எழுத்தர் மரகதவல்லியிடம் சொன்னார். “நம்மகிட்ட என்ன மிச்சம் இருக்கு, பாத்துச் சொல்லு.”

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். மலை கொடுத்தாயிற்று. மின்சாரம் கொடுத்தாயிற்று. ஐப்பசி மழை, முப்பது ஆண்டுகளுக்கு இலவசம்.

“செக்கடித் தெரு மட்டும் இருக்கு சார். அதுல பதினேழாம் நம்பர் எங்க வீடு.”

“நல்லதாப் போச்சு. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்க ஆள் தேடி அலைய வேண்டாம்.”

“அப்பா வீட்ல இருக்காரு சார்.”

“இருக்கட்டும். திறமையான மனிதவளம்னு போட்டுக்கோ.”

எழுதாவிட்டால் நாட்டின் வளர்ச்சிக்குக் குறுக்கே நின்றவள் ஆகிவிடுவோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. எழுதினாள். தேதி விட்டுப்போயிருந்தது. அதையும் சேர்த்தாள்.

பெட்டி திறந்தது. தெருவை விழுங்கி மூடிக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நான்கு மணிக்குப் பக்கத்து நாடு இரண்டு தெரு தருவதாகச் செய்தி வந்தது. பெட்டி எழுந்து, விழுங்கிய தெருவோடு அங்கே போய்விட்டது.

“போனாப் போகுது,” என்றார் தேவசகாயம். “முதலீட்டுக்கு ஏத்த நாடுகள் பட்டியல்ல நாம ஒரு இடம் மேல ஏறியிருக்கோம்.”

மாலையில் மரகதவல்லி வீட்டுக்குக் கிளம்பினாள். தெரு இப்போது பக்கத்து நாட்டில் இருந்தது. அதே பேருந்துதான் அங்கேயும் போனது. டிக்கெட் ஐந்து ரூபாய் கூடுதல்.

தெருமுனையில் கம்பிக் கதவு. பக்கத்தில் ஒரு அனுமதிக் கவுண்டர். கம்பிக்கு அப்பால் அப்பா வாசலில் நின்றிருந்தார்.

“ஏம்மா இவ்ளோ நேரம்? ரசம் ஆறிப்போச்சு,” என்றார்.

கவுண்டர்காரர் நிமிராமல் கேட்டார். “எவ்வளவு முதலீடு கொண்டாந்திருக்கீங்க?”

“சாப்பாட்டு டப்பா இருக்கு. காலி.”

“என்ன தொழில் தொடங்கப் போறீங்க?”

“தூங்கணும்.”

“எத்தன பேருக்கு வேலை குடுப்பீங்க?”

“ஒருத்தருக்கு. அப்பா தாழ்ப்பாள் தொறக்கணும்.”

“பத்துப் பேருக்குக் கொறைஞ்சா உள்ள விடறதில்லம்மா.”

மரகதவல்லி சற்று யோசித்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக் கதவுல பத்து தாழ்ப்பாள் சார்,” என்றாள். “ஒண்ணுக்கு ஒரு ஆள்.”

கவுண்டர்காரர் மரியாதையாக எழுந்து நின்றார்.