கலங்கலான மஞ்சள் குடை

1

இந்தக் கதை ஒரு தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்தது. பழைய டெலிஃபோட்டோ லென்ஸ் ஒன்றை வாங்கி, அதைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று ஒரு சுருள் ஸ்லைடு ஃபிலிம் முழுவதையும் எதிர்க் கட்டட மொட்டைமாடித் தொட்டிமேல் தீர்த்தேன். கழுவி வந்தபோது தொட்டி மிகத் தெளிவாக இருந்தது. வேறொன்றும் இல்லை. வீணாய்ப் போன ஃபிலிமுக்கு ஒரு கதையாவது மிஞ்சட்டுமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "தூரம் என்பது மனிதர்கள் தங்களுக்குள்—"

அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நானே போயிருப்பேன்.

இரண்டாவது: "அவன் ஒரு புகைப்படக் கலைஞன்." இதுவும் சரிப்படவில்லை. கலைஞன் என்றால் தாடி வைக்க வேண்டும், சோகம் வைக்க வேண்டும். எனக்கு இரண்டுக்கும் பொறுமை கிடையாது. ஆகவே அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன்.

2

எக்ஸ்ரேக்காரன் படம் எடுப்பான், வெளிச்சப் பெட்டியில் மாட்டுவான். எலும்பு விரிசல் விட்டிருப்பது டாக்டருக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். ஆனால் யார் எப்படிக் கெஞ்சிக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்: "டாக்டர் சொல்வார்." (இதை நினைவில் வையுங்கள். கதை எழுதுகிறவன் இப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் மறந்துவிடுகிறீர்கள்.) குழம்பில் உப்பு சரியா என்று அக்கா கேட்டால்கூட அதையே சொல்வான். அந்த வீட்டில் அது பழைய ஜோக்.

அவனுக்கு உறவென்று இருப்பது அந்த அக்காவும் அத்தானும்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான்.

என் லென்ஸையே அவனுக்கும் கொடுத்தேன்: கைமாறி வந்த பழசு, நல்ல கனம். சாப்பாட்டு வேளையில் எக்ஸ்ரே அறை ஜன்னலோரம் கேமராவில் மாட்டி முக்காலியில் பொருத்தினான். நேரே நீண்ட தெரு, அதன் கோடியில் பஸ் நிறுத்தம். நிறுத்தப் பலகையின் எழுத்தை ஃபோகஸ் செய்துகொண்டான். லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து ஒரு படம், கொஞ்சம் குறுக்கி ஒன்று, நன்றாகக் குறுக்கி ஒன்று, இப்படியே சுருள் தீரும்வரை.* பலகையடியில் நின்றவர்களை அவன் கவனிக்கவே இல்லை.

* திறந்த வாய்க்கு ஃபோகஸ் செய்த இடம் மட்டும் தெளியும், முன்னும் பின்னும் கலங்கும். குறுக்கினால் எல்லாமே தெளியும். ஸ்லைடில் ஃபிலிமேதான் படம், அப்புறம் பிரிண்டில் சரிசெய்துகொள்கிற பேச்சே இல்லை. வாயை விட்டுப் போன சொல் மாதிரி.

3

ஸ்லைடுகள் கழுவி வந்ததும் ஆஸ்பத்திரி வெளிச்சப் பெட்டிமேல் பரப்பி, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தான். நன்றாகக் குறுக்கி எடுத்த ஒரு படத்தில், பலகைக்குக் கீழே அத்தான் நின்றார். அவர் தோளை ஒட்டி ஒரு மஞ்சள் குடை, குடைக்குக் கீழே ஒரு பெண். குடை விளிம்பு அத்தானின் காதைத் தொட்டது.

திக்கென்றது. ஆனால் டெலிஃபோட்டோவின் குணம் அவனுக்குத் தெரியும். எங்கேயோ நிற்கிறவனையும் எங்கேயோ நிற்கிறவளையும் இழுத்து ஒட்டவைக்கும், கல்யாணத் தரகர் மாதிரி. கால்களைப் பார்த்தால் தூரம் புரிந்துவிடும், ஆனால் நிறுத்தியிருந்த கார்கள் கால்களை மறைத்தன. அதற்கு ஜோடியாகத் திறந்த வாயில் எடுத்த படத்தைத் தேடி வைத்துப் பார்த்தான். பலகை தெளிவு. அத்தானின் சட்டைக் கட்டம் தெளிவு. குடை மட்டும் கலங்கலாக, சிந்திய மஞ்சள் சாயம்போல இருந்தது. அப்படியென்றால் அந்தப் பெண் நன்றாகப் பின்னால் தள்ளி நிற்கிறாள். அவனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

(குறுக்கி எடுத்ததைக் குப்பையில் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டால் கதை இல்லை, அது என் காரணம். அவன் காரணம் தொழில்காரனின் கர்வம். ஒட்டி நிற்பதுபோல் முதலில் காட்டி, அடுத்த ஸ்லைடில் பிரித்துக் காட்டினால் அக்கா அசந்துபோவாள் என்று நினைத்தான். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று இரண்டையும் புரொஜெக்டர் தட்டில் அடுத்தடுத்துச் செருகினான்.)

4

ஞாயிறு மதியம், அக்கா வீடு. திரைச்சீலையை இழுத்துவிட்டு, சுவரைத் திரையாக்கி, புரொஜெக்டரைப் போட்டான். அத்தான் உள்ளறையில் தூக்கம். குறட்டை கேட்டது. பலகை, பலகை, மறுபடி பலகை. இதற்கா இவ்வளவு பெரிய லென்ஸ் என்று அக்கா கேலி செய்தாள்.

பிறகு அந்தப் படம் விழுந்தது. அவன் தயாராக வைத்திருந்த விளக்கத்தை ஒப்பித்தான். அக்கா எழுந்து சுவர்கிட்டே போனாள்.

"அப்போ கிட்ட நிக்கலைங்கறே."

"இல்லக்கா. அடுத்ததுல பாரு, குடை மங்கலாத் தெரியும். அந்தம்மா எங்கேயோ பின்னாடி நிக்கறாங்க."

"குடையை விடு. இவர் சிரிக்கிறாரே, அதுவும் லென்ஸ் பண்ண வேலையா?"

அப்போதுதான் அவன் பார்த்தான். அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். குடைப் பக்கம்கூடத் திரும்பவில்லை. தெருவைப் பார்த்து, கண் இடுங்க, வாய் கொள்ளாமல் ஒரு சிரிப்பு. அத்தான் நல்ல மனுஷர். குரல் உயர்த்தியதில்லை, சாப்பாட்டைக் குறை சொன்னதில்லை. இப்படிச் சிரித்ததும் இல்லை.

"இந்த வீட்டுல நான் பார்த்ததில்லை" என்றாள் அக்கா, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் குரலில்.

5

இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு முடிவு எழுதினேன்: "அந்த நேரம் தெருவில் ஒரு ஆள் வாழைப்பழத் தோலில் வழுக்கி—" அடித்தேன். அது சிரிப்புக்குக் காரணம் சொல்லும். வீட்டில் சிரிக்காததற்குச் சொல்லாது.

இன்னொன்று: அக்கா அவரை எழுப்பிக் கூட்டிவருகிறாள். அவர் லுங்கியை இறுக்கிக்கொண்டே சுவரைப் பார்த்து, "நானா அது?" என்கிறார். நடிக்கிறாரா, நிஜமாகவே தெரியவில்லையா என்று முடிவு செய்ய முடியாமல் அவரைத் திரும்பப் படுக்கவைத்தேன்.

குடைக்காரியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தியும் பார்த்தேன். அக்கா அவளைச் சட்டை செய்யவில்லை. குடையைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதற்காகத்தான் அக்காவை உண்டாக்கினேன். அவள் வேறு கேள்வி கேட்டுவிட்டாள். எனக்கு அவளை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. கதைக்கு அதனால் உபயோகமில்லை, ஆனாலும் இருக்கிறது.

6

அக்கா நாற்காலிக்குத் திரும்பினாள்.

"அடுத்ததுலயும் சிரிக்கிறாரா?"

அவன் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றான்.

"ஒண்ணுல மட்டும்னா, ஏதோ நினைப்புன்னு விட்டுடலாம். ரெண்டுலயும்னா..."

அவள் முடிக்கவில்லை. மிச்சத்தை அடித்தது நானில்லை, அவளேதான்.

குடை விளிம்பை அவன் பூதக்கண்ணாடி வைத்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறான். அத்தானின் முகத்தை ஒரு தரமும் பார்க்கவில்லை. வாய்ப்பழக்கத்தில், "டாக்டர் சொல்வார்" என்றான். அக்கா சிரிக்கவில்லை. உள்ளே குறட்டை நின்றிருந்தது.

அடுத்ததில் சிரிக்கிறாரா என்று எனக்கும் தெரியாது. வேண்டுமானால் மூன்றாம் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். திறந்த வாயில் எடுத்த அந்தப் படத்தில் பலகையை எழுதியிருக்கிறேன், சட்டைக் கட்டத்தை எழுதியிருக்கிறேன், குடையை எழுதியிருக்கிறேன். முகத்தை எழுதவில்லை. எழுதாததைப் பார்க்க என்னாலும் ஆகாது.

அவன் பொத்தானை அழுத்திவிட்டான். தட்டு நகர்கிறது. ஒரு படம் போய் இன்னொன்று வருவதற்குள் சுவர் கொஞ்சம் இருட்டாக இருக்கும். அந்த இருட்டில் அக்கா உங்கள் பக்கம் திரும்புகிறாள். படம் எடுப்பதுதான் அவனுக்கும் எனக்கும் வேலை. அவளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.