மல்லிகை மணக்கும் பைகள்

குப்பை வண்டி வாரத்தில் ஒரு நாள்தான் வரும். அதனால் ஷிஃபானா கைக்குழந்தை மகளின் அழுக்குப் பம்பஸ் அணையாடையை மல்லிகை வாசனைப் பையில் போட்டு, பச்சை நூலால் இரட்டை முடிச்சுக் கட்டிக் கொடுப்பாள். "போற வழியில பெரிய தொட்டியில போடுறன்" என்று கணவன் இக்ராம் தினமும் வாங்கிப் போவான்.

அந்த நம்பிக்கையில்தான், கடற்கரையில் பம்பஸ் ஒதுங்குகிறது என்ற பேச்சு வந்ததும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கும் றம்ஸியாதான் வீசுகிறாள் என்று நேற்று அவளை ஊர் பார்க்க ஏசினாள். "படிப்பில்லாட்டி கடலும் குப்பைத்தொட்டிதான்!" றம்ஸியா அழுதுகொண்டு போனாள்.

இன்று காலை ஷிஃபானா கரைக்குப் போனாள். ஒதுங்கிக் கிடந்த பைகள் எல்லாவற்றிலும் பச்சை நூல், இரட்டை முடிச்சு. மல்லிகை வாசம்கூடப் போகவில்லை.

ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து இக்ராமின் முன்னால் நீட்டினாள்.

"கடல் பெரிசுதானே புள்ள. ஆருக்குத் தெரியும்?"

"நான் அவள ஏசக்குள்ள நீங்க பக்கத்திலதானே நிண்டீங்க?"

"உன்னப்போல பட்டதாரி கதைக்கத் தொடங்கினா நிப்பாட்ட ஏலுமா?" என்று சிரித்தான்.

"வாங்க. இது ஆர்ர பையெண்டு றம்ஸியாக்கிட்ட சொல்லுங்க."

அவன் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஈரம் சொட்டும் பையோடு ஷிஃபானா தனியாகப் போய் றம்ஸியாவின் கதவைத் தட்டினாள்.