கல்வராயன் அரசியின் இடது கை

மனித குலத்துக்கு இதனால் அறிவிப்பது யாதெனில்: வருகிற பத்தொன்பதாம் தேதி முற்பகல் பத்து மணியளவில், வெள்ளிமலை சமுதாயக் கூடத்தில், மூவாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்த கல்வராயன் அரசி உலகுக்குக் காட்சி தந்தருள இருக்கிறார். வரலாறு அன்று திருத்தி எழுதப்படும். தேநீர் உண்டு.

அறிவிப்பை எழுதியவர் பேராசிரியர் தனசேகரன். பல்கலைக்கழகத்தில் பழங்கால எலும்புகளைப் பற்றிப் பாடம் நடத்துபவர். வெள்ளிமலைக்கு மேலே ஒரு கல்லறையிலிருந்து அரசியை அவர்தான் தோண்டி எடுத்தார். தோண்டியது உள்ளூர்க் கூலியாட்கள். அவர் குடைக்குக் கீழே நின்று எடுத்தார். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய அந்தக் கல்லறையை ஊரில் குள்ளர் வீடு என்பார்கள். "உள்ளே யார்?" என்று அவர் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'உள்ளூர் மக்கள் நினைவிலேயே இல்லாத தொன்மை' என்று குறித்துக்கொண்டார்.

இனி எலும்பறிக்கையில் ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதைப் போட வேண்டியவள் அவருடைய ஆய்வு மாணவி ஜெயசுதா. கள்ளக்குறிச்சியில் உரக்கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு எடுத்த அறையில், நீள மேசை மேல் அரசியைப் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று வாரமாக உட்கார்ந்திருந்தாள்.

மண்ணைச் சலித்தபோது துருப்பிடித்த ஊக்கு ஒன்று வந்திருந்தது. இரும்புக்கால அணிகலன் என்று எழுதச் சொன்னார் பேராசிரியர். ஜெயசுதாவின் அம்மா வளையலில் எப்போதும் அப்படி நாலு அணிகலன் தொங்கும்.

மிகப் பழைய எலும்பு நாக்கில் ஒட்டும். சத்தெல்லாம் மண்ணுக்குப் போய்விட்டதால் அது ஈரத்தை இழுக்கும். கருவி வாங்க நிதி வராத துறைகளில் இதுதான் முதல் சோதனை. ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு விலா எலும்பின் முனையை நாக்கில் வைத்தாள். ஒட்டவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். வழுக்கிக்கொண்டு போனது.

அன்றிலிருந்து காபியில், தயிர்சாதத்தில், வெறும் எச்சிலில்கூட ஒருத்தி இருந்தாள். அரசியின் கழுத்தெலும்புகள் சுமை தூக்கித் தேய்ந்திருந்தன. அதை எழுதிய நாளிலிருந்து ஜெயசுதாவுக்குக் கழுத்து குனிந்தது. இடது முன்கை எப்போதோ உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. மழை மூட்டம் போட்டால் ஜெயசுதாவின் இடது கை வலித்தது. அவளுக்குக் கை உடைந்ததே இல்லை.

விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு பெண் படியேறி வந்து வாசலில் நின்றாள். முப்பது வயது இருக்கும். கையில் மடித்த உரச்சாக்கு.

"மலையில இருந்து எட்டாந்தது இங்கதானா மேடம்?"

"நீங்க யாரு?"

"பூமாலைங்க. கேரளாவுல மொளகு பறிக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா குள்ளர் வூட்ட சுத்தி நூலு கட்டிக் கெடக்குது. உள்ள ஒண்ணுமே இல்ல."

பேசும்போது அவளுடைய மேல்வரிசையில் ஒரு பல் குறுக்கே திரும்பி நின்றது தெரிந்தது. ஜெயசுதா மேசையைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பார்த்தாள். அங்கேயும் அதே பல் அதே பக்கம் திரும்பியிருந்தது.

"அது எங்கம்மாங்க. செவ்வந்தி." பூமாலை குரலைத் தாழ்த்தினாள். "பேர எடுக்கக் கூடாது. கடுக்கா மரத்துல இருந்து வுழுந்து செத்துது. அப்பிடி செத்தவங்கள எங்க ஊரு சுடுகாட்டுல வெக்க மாட்டாங்க. அப்பாதான் அந்தக் கல்ல நெம்பி உள்ள வெச்சாரு. அப்ப எனக்கு ஏழு வயசு."

"சார் கேட்டப்ப ஊர்ல ஒருத்தர்கூட சொல்லலியே."

"எப்பிடி சொல்லுவாங்க? பேரு சொன்னா சொன்னவன் வூட்டுக்கு வந்துடும்னு பயம். வாய மூடிக்கினு தோண்டியிருக்கானுங்க. எங்க மாமனே கடப்பாற புடிச்சிருக்காரு."

"கை எதாவது உடைஞ்சிருந்ததா அவங்களுக்கு?"

"எடது கை. மூங்கிப் பத்த வெச்சிக் கட்டினாங்க, கோணிக்கிச்சு." சாக்கை நீட்டினாள். "குடுத்துடுங்க மேடம். தொவச்ச சாக்குதான். மூணு மணி பஸ்ஸுக்குப் போயிடறேன்."

ஜெயசுதா ஜன்னல் பக்கம் போய்ப் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், இது இருபது முப்பது வருஷத்து எலும்பு."

"யார் சொன்னா?"

"எலும்பே சொல்லுது சார். மகளும் வந்திருக்காங்க."



"ஜெயசுதா, அழைப்பிதழ் அடிச்சாச்சும்மா."

இதுதான் அவர் முன்வைத்த அறிவியல் வாதம். துணை வாதங்களும் இருந்தன. "ஊர்ச் சவத்தைத் தோண்டிட்டோம்னு கேஸ் ஆச்சுன்னா, சல்லடை பிடிச்சவளைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. உன் ஆய்வேடு வேற என் மேசையிலதான் இருக்கு. நான் அவசரப்படுத்தல. அஞ்சு நிமிஷம் நல்லா யோசி."

நாலாவது நிமிஷத்தில் அவள் திரும்பி வந்தாள்.

"அது உங்க அம்மா இல்லீங்க. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின ராணி."

பூமாலை அவள் முகத்தையே பார்த்தாள்.

"ராணியா?"

"ஆமாங்க."

"எங்கம்மா ஒரு நாள்கூட செருப்பு போட்டதில்ல."

பூமாலை மேசையருகே வந்தாள். எதையும் தொடவில்லை. சாக்கை நாலாக மடித்து, கோணிய கையெலும்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ராணிக்கே இருக்கட்டும். பலக ஜில்லுனு கெடக்குது, அடியில போட்டு வுடுங்க."

படியிறங்கும் சத்தம் கேட்டது. கீழே உரக்கடையில் யாரோ யூரியா கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயசுதா மூன்று பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும், பின்னால் மேசையிலிருந்து ஒருத்தி தன் பேரைச் சொல்லும்படி கேட்பதுபோல இருந்தது. ஜெயசுதா அந்தப் பேரைச் சொல்லவில்லை.

பதினெட்டாம் தேதி பெய்த மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்தது. விழா நடக்கவில்லை. பிறகு யாரும் வேறு தேதி கேட்கவும் இல்லை. அரசி உரக்கடைக்கு மேல் அந்த மேசையிலேயே கிடந்தார்.