இரண்டு பெரியவர்கள்

"எங்கை வைச்சனீங்கள்?"

"அதெல்லாம் நானும் உம்மட அண்ணாவுமாப் பாத்திட்டம். நீர் யோசியாதையும்."

"எங்கை எண்டுதானே கேட்டனான்."

"வடிவான இடம்தான். மரமெல்லாம் நிக்குது. முதல்ல உமக்குக் காய்ச்சல் விடட்டும், பிறகு கதைப்பம்."

மாசி மாதம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கௌசி கேட்டதும் கட்டிலின் விளிம்பில் இருந்தபடி யுவனேஸ்வரன் சொன்னதும் இவ்வளவுதான். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

ஒன்பது மாதம் நிறைந்து, மூச்சில்லாமல் பிறந்த பெண் குழந்தை. வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு தாதி கொண்டுவந்து காட்டினாள். நெற்றி யுவனுடையது போல அகலமாக இருந்தது. அதற்குமேல் கௌசிக்கு நினைவில்லை. காய்ச்சல் அவளைச் சுருட்டிப் போட்ட மூன்றாம் நாள், புருஷனும் அவளுடைய அண்ணன் மகாலிங்கமும் பிள்ளையை எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்து, குளித்துவிட்டுத்தான் அவளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். எந்தச் சவக்காலை, எந்தத் தெரு, ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

"எங்கட பொம்பிளையள் அங்கையெல்லாம் போறதில்லை, கௌசி. அதுவும் பச்சை உடம்போடை" என்று அண்ணி யோகமலர் சொன்னாள். சொன்னவள் நல்லவள். நாற்பது நாளும் லண்டனின் அந்த மூலையில் குட்மேய்ஸிலிருந்து இவர்கள் இருக்கும் பிளேஸ்டோவுக்கு இரண்டு பஸ் மாறி வந்து, பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறி காய்ச்சித் தந்தவள். அவளோடு என்ன வாதாடுவது?

கேட்டால் யுவனின் முகம் என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது. ஆகவே, பிள்ளை கிடக்கும் இடத்துக்கு என்னை ஒருமுறை கூட்டிப்போங்கள் என்ற அந்த ஒரு வேண்டுதலை கௌசி நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினாள். சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் தன் வேலைக்கும் திரும்பிப் போனாள். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நாட்கள் நடந்தன.

யுவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அவன் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்பவன். இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருடத்தில் சவுத்எண்ட் கடற்கரையைத் தாண்டாதவன், இப்போது தேநீர் இடைவேளையில் ஒவ்வொருவராகப் பிடித்து, "இந்த நாட்டில் உங்களுக்கு ஆகப் பிடித்த இடம் எது?" என்று விசாரித்தான். அந்த மனுஷர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். விட்பி துறைமுகத்து மீன்பொரியல் மாதிரி உலகத்தில் கிடையாது என்றார் ஒருவர். வேல்ஸ்காரர் டென்பிக்காகச் சண்டைக்கே வந்துவிட்டார். ஐல் ஒஃப் வைட்டில் மலையே ஏழு நிறம் என்றாள் ஒருத்தி. லண்டனை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

லீவு கிடைத்த போதெல்லாம், கிடைக்காத போது ஷிப்ட் மாற்றியும், யுவன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பங்குனியில் பிரைட்டன். சித்திரையில் ஐல் ஒஃப் வைட். அங்கே கண்ணாடிப் போத்தலுக்குள் நிற மணலை நிரப்பித் தருகிற கடையில், "எந்த நிறம் முதல்ல போடட்டுமாம்?" என்று கேட்டான்.

"எதெண்டாலும்."

"சிவப்புப் போடச் சொல்லட்டே?"

"ஓம்."

விட்பியில் வெறும் பெட்டியைப் பார்த்த பிறகுதான் தான் மீனைத் தின்று முடித்திருப்பது கௌசிக்குத் தெரிந்தது. டென்பியில் அலை வந்து சப்பாத்துக்குள் போனதை யுவன் சொல்லித்தான் அறிந்தாள். வீடு திரும்பினால் அண்ணியின் போன் வரும்.

"கடல் எப்பிடியடி?"

"இருக்குது, அண்ணி."

"இருக்காமல் எங்கை போறது? இவ்வளவு தூரம் போட்டு வந்து கடல் இருக்குதாம்" என்று அண்ணி அந்தப் பக்கம் சிரிப்பாள். இவளும் சிரிப்பதுபோல ஒரு சத்தம் செய்வாள்.

எங்கே போனாலும் யுவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. டிக்கெட் ஜன்னல் கண்ணில் பட்டதும், "நீர் அந்த வாங்கில இரும், நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று பக்கத்து மர இருக்கையைக் காட்டுவான். ஜன்னலடியில் ஒருவரும் நிற்காவிட்டாலும் அப்படித்தான். நின்றால் அவள் கால் நோகும் என்று பார்க்கிறான் என்று கௌசி நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் நினைக்க அவளிடம் தெம்பும் இல்லை.

ஆவணியில் விண்டர்மியர் ஏரிக்குப் போனார்கள். ஆறு மணித்தியாலம் கார் ஓட்டி வந்தவனுக்கு அங்கே காரை நிறுத்த இடமில்லை. படகு வெளிக்கிட இன்னும் கால் மணித்தியாலம்தான் இருந்தது. தூறலும் தொடங்கிவிட்டது.

"நீர் இறங்கி லைன்ல நில்லும். நான் விட்டிட்டு ஓடிவாறன். ஜன்னலடிக்குப் போயிடாதையும், நான் வந்திடுவன்" என்றான்.

ஆனால் அன்றைக்கென்று வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. கௌசி ஜன்னலுக்கு முன்னால் வந்துவிட்டாள். பின்னால் நின்றவர்கள் குடையால் இடித்தார்கள். உள்ளே இருந்த இளம்பெண் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"எத்தனை பெரியவர்கள்?"

"இரண்டு."

"பிள்ளைகள்?"

கௌசி அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்தாள். நீல நகப்பூச்சு. விரல் இயந்திரத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது. இந்தக் கேள்வி எல்லா ஜன்னல்களிலும் இருக்கிற கேள்வி. பிரைட்டனில் இருந்தது, ஐல் ஒஃப் வைட்டில் இருந்தது, போன இடமெல்லாம் இருந்தது. அவளை வாங்கில் இருத்திவிட்டு, ஒவ்வொரு துவாரத்துக்கும் குனிந்து அந்த மனிதன் ஒருவனாக 'இல்லை' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வந்து, "ஐஸ்கிரீம் வேணுமோ?" என்று கேட்டிருக்கிறான்.

"ஒன்று" என்றாள் கௌசி.

"வயது?"

"ஆறு மாதம்."

"கைக்குழந்தைக்குக் காசில்லை. ஆனால் படகில் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் டிக்கெட் தருவோம்." இயந்திரம் மூன்று துண்டுகளைத் துப்பியது.

கௌசி காசைக் கொடுத்தாள். மூன்றையும் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். யுவன் தலை நனைய ஓடிவந்தான். அவள் கையில் டிக்கெட்டைக் கண்டதும் அவன் கால் தயங்கியது. வாங்கிப் பார்த்தான். மூன்றாவதில் எழுதியிருந்ததை வாசித்தான்.

"இது..."

"டிக்கெட் தாற பெட்டை கேட்டாள். சொன்னன்."

அவன் வாயைத் திறப்பதற்குள் வரிசை இருவரையும் படகுப் பாலத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. அங்கே வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் டிக்கெட்டின் மூலையைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டைக் கிழித்தவர் மூன்றாவதைப் பிடித்தபடி, இருவருக்கும் நடுவே குனிந்து தேடினார்.

"சின்னவர் எங்கே?"

யுவன் அவரையே பார்த்தான். இத்தனை ஜன்னல்களில் சொல்லிப் பழகிய சொல் அவனுக்கு வரவில்லை. இந்த முறை கௌசி பக்கத்தில் நின்றாள்.

"அவள் இன்றைக்கு எங்களோடு வரவில்லை" என்றான்.

"அப்படியானால் அடுத்த முறை கட்டாயம் கூட்டி வாருங்கள்" என்று சிரித்து, கிழிக்காத டிக்கெட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தார் அந்த மனிதர்.

மேல்தட்டில் ஈர வாங்கில் இருந்தார்கள். ஒலிபெருக்கி மலைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை, எல்லோரும் தொப்பியை இழுத்துவிட்டிருந்தார்கள். யுவன் அந்தத் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு எடுத்து, நனையாமல் உள்ளங்கைக்குள் பொத்தினான்.

"ஏனப்பா ஜன்னலடியில அப்பிடிச் சொன்னனீர்?" என்றான்.

"நீங்கள் ஏன் எல்லா இடத்திலயும் தனியப் போய் நிண்டு சொன்னனீங்கள்?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். "உமக்குக் கேக்கக் கூடாது எண்டுதான்."

"உங்களுக்குக் கேட்டதுதானே."

ஆறு மாதத்தில் அவள் முதல்முறையாக அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. சவரம் செய்யும்போது காதடியில் ஒரு கீற்று விட்டுப் போயிருந்தது. எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறான் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் முகம் என்ன ஆகுமோ என்று பயந்திருந்தாளே, அது எப்போதோ ஆகி முடிந்திருந்தது.

அவன் டிக்கெட்டைப் பொத்திய கையை மடியில் வைத்தான். "புரட்டாதியில இன்னும் நாலு நாள் லீவு கிடக்கு. கோர்ன்வால் போவம். வேலையில எல்லாரும் அதைத்தான் நல்லம் எண்டீனம்."

"கோர்ன்வால் வேண்டாம்."

அவன் திரும்பினான். இத்தனை மாதத்தில் 'ஓம்', 'எதெண்டாலும்' தவிர வேறொன்றையும் அவளிடமிருந்து கேட்டறியாதவன்.

"அப்ப எங்கை? நீர் சொல்லும். எவ்வளவு தூரமெண்டாலும் கூட்டிக்கொண்டு போறன்."

படகு வளைந்து திரும்பியது. தூறல் பக்கவாட்டில் வந்து விழுந்தது, முகத்தில் குளிர்ந்தது. கௌசி அவனுடைய பொத்திய கையைப் பிடித்தாள்.

"பிள்ளையை வைச்ச இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.