இடம்புரித் தகடு

சென்ற பனிக்காலத்தில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து தவமணி வெள்ளை நிலத்தை நம்புவதில்லை. கணுக்கால் எலும்பு பொருந்திவிட்டது. நடக்கலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆயினும் இவ்வாண்டின் முதற்பனி, அவர்கள் புலம்பெயர்ந்து குடியேறியிருந்த வோபர்னில் விழுந்த அன்று அவர் தம் சப்பாத்துகளைக் கழுவித் துடைத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, ஒன்பதாம் மாடிச் சன்னலருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கிருந்து பார்க்கையில், கீழே போவோர் கால்களே இன்றி மிதப்பவர் போலத் தோன்றினர்.

"திருவாதிரைக்கு என்ன செய்யப்போறாய்?" என்று கணவர் சச்சிதானந்தன் கேட்டார்.

"கோயில் வாசல்மட்டும் காரிலை வருவன். உள்ளுக்கை நிண்டு கும்பிடுவன். சாமி வெளிவீதிக்குப் போகேக்கை நான் உள்ளுக்கையே நிக்கிறன்."

"நீ பாடாமல் சாமி எப்ப வெளிக்கிட்டது?"

"நிலம் தெரிஞ்சால் வருவன். கறுப்பா, தார் தெரியவேணும். ஐசுக்கு மேலை உப்பைத் தூவிப்போட்டு நடவெண்டு சொன்னால் மாட்டன்."

அந்தக் கதிரை சச்சிதானந்தனை அச்சுறுத்தியது. முதலில் அது வெறுங்கதிரையாக இருந்தது. பின்னர் அதன்மேல் ஒரு தலையணை வந்தது. அடுத்த வாரம் கால்வைக்க ஒரு முக்காலியும் வந்தது. பொருள்கள் இவ்வாறு ஒன்றையொன்று அழைத்து வந்து சேர்ந்துவிட்டால், நடுவில் இருப்பவர் எழுவதில்லை. இந்த மார்கழியில் தவமணி நிலத்தில் இறங்காவிடின் இனி எந்த மார்கழியிலும் இறங்கமாட்டார் என்று அவருக்குத் தோன்றிற்று.

கோயில் இருந்த கட்டடம் முன்னர்க் கம்பளக் கிடங்காக இருந்தது. பரந்த வாகனத் தரிப்பிடத்தின் நடுவே தாழ்வாகப் படுத்திருந்த அதன் முன்பகுதியில் நடராசர் எழுந்தருளியிருந்தார். பின்பகுதியில் செலீன் என்னும் பெண்மணி ரோல்சும் பற்றீசுமாகச் சிற்றுண்டி செய்து விற்றார். கட்டடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஓடிய தார்ப்பாதையையே அடியார்கள் வெளிவீதி என்றனர். திருவாதிரை விடியலில் சுவாமி அவ்வழியே வலம் வருவதற்குக் கட்டட உரிமையாளர் இசைந்திருந்தார். பனியைக் கோயிலார் தாமே அகற்ற வேண்டும், எவருடைய கதவும் மறைக்கப்படலாகாது என்பவையே அவருடைய நிபந்தனைகள்.

கோடையில் ரூஜ் பகுதியின் புதுவீடுகளுக்குப் புற்றரை பதித்துக் கொடுப்பது சச்சிதானந்தனின் தொழில். அதற்கென அவரிடம் ஒரு பழைய நீலநிற உழவியந்திரம் இருந்தது. அதன் முன்னே இரண்டு இரும்புக் கைகளும் மண் அள்ளும் வாளியும் இருந்தன. அவ்வாளியால் பனியை அள்ளிப் பார்த்தார். அது மேற்பனியை மட்டும் அள்ளிக்கொண்டு, கண்ணாடிபோல் மினுங்கும் ஒரு தோலை நிலத்தில் விட்டுச்சென்றது. தவமணியை வீழ்த்தியது அத்தகைய தோல்தான். பனியைத் தார்வரை வழித்தெடுக்க ஒரு தகடு வேண்டும்.

பழைய இரும்பு விற்கும் முற்றமொன்றின் கோடியில், காட்டுப்புற்களுக்கிடையே அவர் அதைக் கண்டார். நெடுஞ்சாலைப் பாரவண்டி ஒன்றின் முன்னே பூட்டப்பட்டுப் பல பனிக்காலங்களைக் கண்ட தகடு அது. செம்மஞ்சள் பூச்சு உரிந்திருந்தது. ஓட்டுபவருக்கு இடமுனையில் தாழ்ந்து ஒடுங்கித் தொடங்கி, வலமுனையில் உயர்ந்து அகன்று, முன்னோக்கிச் சுருண்டிருந்தது. நடுவே பிளந்த ஒரு பெருஞ்சங்கு புல்லிற் கிடப்பதுபோல் இருந்தது. உட்குழிவில் தேங்கியிருந்த பனியில் அவர் கைவைத்தார். யாரோ மெல்ல மூச்சுவிடுவதுபோலத் தண்ணென்றிருந்தது.

அதைப் பாக்கியராசாவின் வீட்டுக் கராஜுக்குக் கொண்டுசென்றார். பாக்கியராசா மட்டக்களப்பைச் சேர்ந்தவர். இழுவைப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் இரும்பு பற்றவைப்பவர். தகட்டைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அண்ணை, உது யானைக்குத் தைச்ச சட்டை. உங்கட ரக்ரர் ஆட்டுக்குட்டி" என்றார்.

"வெட்டித் தைக்கத்தானே உன்னட்டைக் கொண்டந்தனான்."

பாக்கியராசா தகட்டின் நீளத்தைக் குறைத்தார். பாரவண்டிக்கென அமைந்த முதுகை அறுத்தெறிந்து, வாளியைக் கழற்றினால் எஞ்சும் இரும்புக் கைகளுக்குப் பொருந்துமாறு புதிய பிணைப்புகளைப் பற்றவைத்தார். தகட்டை விறைப்பாக இறுக்காமல், சற்றே தொய்ந்த சங்கிலிகளில் தொங்கவிட்டார். அப்போதுதான் அது நிலத்தைக் கிழிக்காமல், தன் பாரத்தால் தானே அமர்ந்து, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறியிறங்கிப் போகும்.

அடுத்த பனி முழங்கால் அளவு விழுந்தது. காலையில் சச்சிதானந்தன் கோயில் வாசலில் தொடங்கி, வழக்கப்படி கோயில் தம் வலக்கைப் பக்கம் இருக்க, மெல்லச் செலுத்தினார். தகட்டின் ஒடுங்கிய முனையில் ஏறிய பனி வளைவினுள் சுருண்டு, உயர்ந்த முனையிலிருந்து ஓசையின்றி மடிப்பு மடிப்பாகச் சரிந்தது. அவருக்குப் பின்னே கருந்தார் ஈரமாக விரிந்தது. ஓடத்தில் அமர்ந்து பாற்கடலைப் பிளந்து செல்வதுபோல் ஒரு மயக்கம் அவருக்கு உண்டாயிற்று. சுற்று முடியும்வரை அவர் வலப்பக்கம் பார்க்கவே இல்லை.

இயந்திரத்தை நிறுத்தியபோது செலீன் உள்வழியே கோயில் வாசலால் வெளியேறி, மாவுக் கைகளோடு வந்துகொண்டிருந்தார்.

"சச்சி அண்ணை, உங்கட சாமி வெளியிலை வாறதுக்கு நான் உள்ளுக்கை அடைபடவேணுமோ? ரோல்ஸ் எடுக்க வந்த சனம் கதவைத் தேடித் திரியுது."

பாரவண்டி சாலையின் வலமருங்கிற் செல்வதால் அத்தகடு பனியை வலப்புறமே எறியப் பிறந்தது. வலமாகச் சுற்றியபோது கோயிலும் வலப்புறமே இருந்தது. ஆகவே பனி முழுவதும் சுவரோடு சாய்ந்து, பின்கதவுகளை நிலைவரை மூடிவிட்டிருந்தது.

"மற்றப் பக்கத்தாலை சுத்தினால் எல்லாம் வெளியிலை விழும்தானே, அண்ணை?"

சச்சிதானந்தன் கோயில் வாசலைப் பார்த்துத் தலையசைத்து மறுத்தார்.

"எங்கட மாதாவெண்டால் எந்தப் பக்கத்தாலையும் போவா" என்று கூறிவிட்டுச் செலீன் மண்வெட்டி தேடிப் போனார்.

உரிமையாளரும் வந்து பார்த்தார். இன்னொருமுறை ஒரு கதவு மறைந்தாலும் ஊர்வலம் கட்டடத்துக்குள்ளேயே நடக்கட்டும் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார். திருவாதிரைக்கு இரண்டு வாரமே இருந்தது.

கோயில் ஐயரிடம் கேட்டபோது அவர் தயங்காமல் தீர்ப்பளித்தார். "இது வலம் வாறதில்லை, கூட்டுறது. கூட்டுறதுக்குத் திசை இல்லை. நீங்கள் பயப்பிடாமல் மற்றப் பக்கத்தாலை ஓடுங்கோ."

சச்சிதானந்தன் நன்றி கூறி, உழவியந்திரத்தை எதிர்த்திசைக்குத் திருப்பி நிறுத்தி, அதன்மேல் ஏறியமர்ந்தார். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கோயில் அவருடைய இடக்கைப் பக்கம் இருந்தது. இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

"ஐயரே சொல்லிற்றார். மறுகா என்ன?" என்று பாக்கியராசா கேட்டார்.

"அவருக்குச் சரி. எனக்குச் சாமியை இடக்கைப் பக்கம் வச்சுக்கொண்டு சுத்த மனம் வருகுதில்லை."

"ரக்ரருக்கு என்ன சமயம், அண்ணை?"

"அதுக்கு மேலை இருக்கிறது நான்தானே."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு ஓடுங்க."

"ஓடினால் செலீன்ரை கதவு மூடுபடாது. இடிபடும்."

"தவமணி அக்கா நடக்கவேணுமெண்டுதானே இவ்வளவும்? சாமியைப் பாக்கிறீங்களா, அக்காவைப் பாக்கிறீங்களா?"

"இரண்டு பேரும் ஒரே வழியாலைதான் வருவினம். அந்த வழியை முதல்லை நான் பிழையாச் சுத்தி வச்சிட்டு, பிறகு வா எண்டு அவளை எப்பிடிக் கூப்பிடுறது?"

பாக்கியராசா தலையில் கைவைத்துக்கொண்டார். எனினும் ஞாயிற்றுக்கிழமை தகட்டை மீண்டும் தம் கராஜுக்குக் கொண்டுவரச் செய்தார். சுருளை நெருப்பிற் காய்ச்சி நிமிர்த்திவிட்டால், அது எப்பக்கமும் சாராமல் முன்னே தள்ளும் என்பது அவருடைய எண்ணம். கூரை வளையிலிருந்து இறங்கிய கப்பிச் சங்கிலியில் தகட்டை இரு கொளுக்கிகளால் தூக்கி நிறுத்தினார். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. சிறு சாளரத்தூடாக வந்த வெளிச்சத்துக்கு நிறமே இல்லை. அதில் நின்றவர்களுக்கு நிழலும் இல்லை.

ஒரு கொளுக்கி நழுவியது. இருவரும் பின்னே துள்ளினர். தகடு விழவில்லை, மற்றைக் கொளுக்கியில் தொங்கி, உறக்கத்தில் புரண்டு படுப்பவர்போல் மெதுவாக, மிக மெதுவாகத் தலைகீழாகச் சுழன்று நின்றது.

மேல்விளிம்பு கீழே வந்திருந்தது. ஓட்டுபவருக்கு வலத்தே உயர்ந்திருந்த அகன்ற முனை இப்போது அவருக்கு இடத்தே இருந்தது. குழிவு முன்போலவே அவர்களை நோக்கியிருந்தது.

"அண்ணை," என்றார் பாக்கியராசா தாழ்ந்த குரலில், "ஒண்டும் தொடாதீங்க. மூச்சும் விடாதீங்க."

"இப்ப உது எங்கை எறியும்?"

"உங்கட சாமிக்கு அங்காலைதான்."

"அப்ப வலம்புரி இடம்புரியாப் போச்சு."

"இடம்புரிதான் கடல் முழுக்கக் கிடக்கு, விலை இல்லாத சாமான். ஆனால் ஊதினால் அதுகும் கேக்கும்."

கீழே வந்த விளிம்பு சாய்வாக இருந்தமையால் அதை நேராக அறுத்து, நிலத்தை வழிக்கும் எஃகுப் பட்டையைப் பழைய இடத்திலிருந்து கழற்றி அங்கே பூட்ட வேண்டியிருந்தது. பின்புறப் பிணைப்புகளையும் இடமுனை பின்வாங்கி நிற்குமாறு மாற்ற வேண்டியிருந்தது. மாலைகளிலெல்லாம் கராஜின் கதவிடுக்கில் நீலச்சுடர் துடித்தது. வேலை முடிந்ததும் ஐயர் வந்து, தகட்டின் குழிவில் மூன்று விரல்களால் திருநீறிட்டு, சில்லுகளின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். சோதித்துப் பார்க்கப் பனிதான் பெய்யவில்லை.

அது திருவாதிரைக்கு முதல்நாள் பெய்தது. மாலைவரை பெய்து ஓய்ந்தது. விடியலுக்கு முன்பே சச்சிதானந்தன் கோயிலைச் சேர்ந்து, வாசலில் தொடங்கி வலமாகச் சுற்றினார். பனி இடப்புறமாகச் சுருண்டு, கோயிலை விட்டு விலகி விழுந்தது. ஒரு சுற்றில் அது வரம்பாயிற்று; பல சுற்றுகளில் மார்பளவு உயர்ந்து, வீதியின் நான்கு பக்கங்களிலும் வெண்மதிலாக எழுந்தது. அம்மதிலுக்கு அப்பால் வாகனத் தரிப்பிடமும், பேருந்துத் தரிப்பும், எண்ணெய் நிலையத்தின் சிவப்பு விளக்கும் மறைந்தன. செலீனின் கதவு தன் நிலையோடும் படியோடும் வெறுமையாக நின்றது. உள்ளே கருந்தார் வீதி, அதன்மேல் முழுநிலவு. இது எந்த ஊர் என்று அவரிடம் அப்போது எவரேனும் கேட்டிருந்தால் விடை கூற நேரம் எடுத்திருக்கும்.

தவமணி காரிலிருந்து இறங்கி, வாசலில் நின்று வீதியைப் பார்த்தார். குளிர்ச்சட்டையின்கீழ்ப் பட்டுச்சேலையின் கரை தெரிந்தது. சப்பாத்தின் நுனியால் தாரைத் தட்டினார். கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

"கறுப்பாத்தான் இருக்கு" என்றார்.

உள்ளே தீபாராதனை முடிந்தது. ஒலிநாடாவிலிருந்து நாதசுரம் எழுந்தது. வேட்டிக்குமேல் குளிர்ச்சட்டை அணிந்த நால்வர் நடராசரைத் தோளில் ஏற்றினர். ஐயர் இரண்டு சோடிக் காலுறைகளுடன் முன்னே வந்தார். சுவாமி வாசலைக் கடந்த அக்கணத்திலே, நிலவு இருந்த இடத்திலிருந்து பனி மறுபடியும் இறங்கத் தொடங்கிற்று.

பெரிய, உலர்ந்த, அவசரமில்லாத பனித்துகள்கள் அவை. தாரின்மேல் அமர்ந்தவை கரையவில்லை. தவமணி முன்வைத்த காலைப் பின்னெடுத்தார்.

"பாத்தீங்களே. மூடுது."

சச்சிதானந்தன் உழவியந்திரத்தில் ஏறினார். அது வாசலுக்கு அப்பால், வலம் செல்லும் திசையை நோக்கியே நின்றது. தகட்டை இறக்கினார். எதிர்த்திசையில் ஓடவேண்டிய தகடாயிருந்தால் அவர் சுவாமியை முகத்துக்கு முகம் மறித்திருப்பார்; இப்போதோ முன்னே சென்று வழிவிடும் ஏவலாளராக அமைந்தார். ஐயர் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார்; பிறகு மணியை ஒருமுறை அசைத்து, போ என்று தலையாட்டினார்.

சுவாமி தூக்குவோரின் நடைக்கேற்ப அவர் மிக மெதுவாகச் செலுத்தினார். உழவியந்திரத்தில் பின்னே பார்க்கும் கண்ணாடி இல்லை. தகட்டிலிருந்து கண்ணை எடுத்தால் மதிலில் முட்டும். இயந்திர ஓசையில் நாதசுரமும் கேட்கவில்லை, மணியும் கேட்கவில்லை. முன்னே வெண்மை, தகட்டின் கீழிருந்து பிறக்கும் கருமை. அக்கருமையின்மேல் யார் வருகிறார்கள், யார் வாசலிலேயே நின்றுவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. முதல் மூலை திரும்பிற்று. நெடுஞ்சுவர் ஒன்று கனவில் வரும் சுவர்போல் முடிவின்றி நீண்டது. மனத்துள் அந்தக் கதிரை வந்தது. அதன் தலையணையில் பதிந்திருந்த பள்ளமும் வந்தது. இரண்டாம் மூலையும் திரும்பிற்று.

செலீன் தம் கதவைத் திறந்து, மஞ்சள் வெளிச்சத்தின் நடுவே, கையில் இஞ்சித் தேநீர்த் தட்டத்தோடு நின்றார். அவருடைய பார்வை சச்சிதானந்தனைத் தாண்டிப் பின்னே சென்றது.

"திரும்பிப் பாக்காதேங்கோ, அண்ணை" என்று உரக்கக் கூறினார். "நேரை பாத்து ஓடுங்கோ. அக்கா வாறா."

"என்ன?"

"வாறா. பாடிக்கொண்டு வாறா. உங்கட மெசின்தான் ஒண்டையும் கேக்கவிடுதில்லை."

சச்சிதானந்தன் இயந்திரத்தின் உறுமலை இயன்றவரை தணித்தார். அப்போது பனியினூடாக, தொலைவிலிருந்து வருவதுபோல, ஆனால் மிக அருகிலிருந்து, சற்றே நடுங்கிய அக்குரல் வந்தது. ஒரு சொல் முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் இடையே ஓர் அடி வைக்கும் ஓசை இருந்தது. அவர் திரும்பவில்லை. கண்ணிமையில் விழுந்த பனியைத் துடைக்கவும் இல்லை.

வாசலை அடைந்ததும் சுவாமி உள்ளே எழுந்தருளினார். அடியார்களும் கைகளைத் தேய்த்துக்கொண்டு பின்னே நுழைந்தனர். தவமணி மட்டும் உள்ளே செல்லவில்லை. உழவியந்திரத்தின் பெருஞ்சில்லுக்கு அருகே வந்து நின்று நிமிர்ந்து பார்த்தார். தலைமுடியின் முன்புறம் முழுதும் பனி.

"இஞ்சேருங்கோ, டீசல் இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"மூண்டு சுத்து வரவேணுமெல்லோ. ஒண்டோடை நிக்கிற பழக்கம் எனக்கில்லை."

"குளிருதெல்லே உனக்கு?"

"குளிரேக்கை சொல்லுறன். கதைச்சுக்கொண்டு நிண்டால் நிலம் மூடிப்போடும். போங்கோ முன்னுக்கு."

அவர் தகட்டை இறக்கினார். அது தார்மேல் அமர்ந்து மெல்ல முனகிற்று. பனி மறுபடியும் இடப்புறம் சுருளத் தொடங்கியது. இரண்டு வெண்மைகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கக்கூடிய கருமை திறந்துகொண்டே சென்றது. தவமணி கடந்ததும் அது மெதுவாக மூடிக்கொண்டது.