அறுநூறு ஓம் ஹெட்போன்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போயும்விடும். ஆனால் போகும்போது எதையாவது கையோடு இழுத்துக்கொண்டு போகும். ஏழு வருடத்துக்கு முன்னால் என் தம்பி நாராயணை இழுத்துக்கொண்டு போனது.

அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, இறந்த அன்று அவன் கோலாலம்பூரில் இருந்தான். எப்படியோ டிக்கெட் பிடித்து, திருச்சியில் இறங்கி, காரைக்குடிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தோம். வாசலில் பையும் கையுமாக நின்றவனைப் பார்த்து, "இப்ப எதுக்கு வந்தே? போயிரு. இனிமே இந்தப் படி ஏறாதே" என்று சொன்னவள் நான்தான். பத்துப் பேர் பார்க்கச் சொன்னேன். வந்த டாக்சியிலேயே திரும்பிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே நான் சொன்னது தப்பு என்று உறைத்துவிட்டது. ஆனாலும் போன் போட்டு "வாடா" என்று சொல்ல ஏழு வருடமாக வாய் வரவில்லை. பொங்கலுக்கு ஒரு மெசேஜ், பிறந்தநாளுக்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதான் நாங்கள். அவனுக்குப் பெண் பிறந்த செய்தியும் மெசேஜில்தான் வந்தது. பதிலுக்கு ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதேன். இப்படியும் ஒரு பிறவி.

இந்த ஏப்ரல் கடைசியில், பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாள், ஒரு பார்சல் வந்தது. அவன் அனுப்பியது. உள்ளே பெரிய கறுப்பு ஹெட்போன் ஒன்று, கூடவே ஒரு துண்டுச் சீட்டு.

"ஆச்சி, இது நான் ஸ்டுடியோவுல எட்டு வருஷமா மாட்டியிருந்தது. ஒரு பாட்டு பண்ணிருக்கேன், போனுக்கு அனுப்புறேன். இதுலதான் கேக்கணும். தனியா இருக்கப்ப கடைசி வரைக்கும் கேளு."

எங்கள் வீடுகளில் அக்காளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஒரு சொல்லை அவன் கையெழுத்தில் பார்த்து எத்தனை காலம்! நாராயண் அங்கே பாட்டுப் பதிவு செய்யும் இடத்தில் ஒலி சேர்ப்பவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மெதுவாகப் பேசுவான், பேசுவதற்கு முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவான், மற்ற நேரமெல்லாம் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பான். ஹெட்போனை முகர்ந்து பார்த்தேன். காதுப் பஞ்சில் அவன் தலை எண்ணெய் வாசனை இருந்தது. கொஞ்ச நேரம் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

அப்புறம் போனில் செருகி, மாட்டிக்கொண்டு, பாட்டைப் போட்டேன். அடக் கடவுளே, எங்கோ மூன்று தெரு தள்ளி யாரோ வயலின் வாசிக்கிற மாதிரி இருந்தது. சத்தத்தை முழுசாக ஏற்றியும் அதே கதைதான். கழற்றிவிட்டு போன் ஸ்பீக்கரில் போட்டேன். வயலின் கேட்டது, கூடவே பக்கத்துப் பங்காளி வீட்டு மிக்ஸியும் கேட்டது. நாலு நிமிடம் வாசிப்பு. அதன் பிறகு போன் திரையில் பாட்டின் கோடு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, சத்தம் ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று நிறுத்தினேன்.

மறுநாள் அவன் மெசேஜ்: "கேட்டியா ஆச்சி?"

கேட்கலைடா, இதில் சத்தமே வரவில்லை என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அப்பச்சி வளர்த்த வளர்ப்பு அப்படி. யாராவது ஒன்றைக் கொடுத்தால் அவர் அதில் குறை சொல்லமாட்டார், சொல்லவும் விடமாட்டார். வேண்டாம் என்கிற வார்த்தையும் அவர் வாயில் வராது. எனக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, "பையன் நல்ல பையன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வந்தவர்களும் புரிந்துகொண்டு செருப்பை மாட்டுவார்கள். எனக்கு வந்த மூன்று வரன்களும் இப்படி நல்ல பையன்களாகவே திரும்பிப் போனார்கள். எனக்கு நாற்பத்தேழு ஆகிறது.

அதனால் எழுதினேன்: "கேட்டேன். பாட்டு நல்லாருக்கு."

நாலு நாள் கழித்து அவன் திரும்பவும் கேட்டான். "கடைசி வரைக்கும் கேட்டியா?"

"கேட்டேன்டா. நல்லாருக்கு."

ரொம்ப நேரம் கழித்து, "சரி ஆச்சி" என்று வந்தது. அந்த "சரி"யைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. எட்டு வருடம் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எனக்கு அனுப்பியிருக்கிறான், நான் கேட்காமலே கேட்டேன் என்கிறேன். எப்படியாவது இதை ஒழுங்காகக் கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

செக்காலை ரோட்டில் லூர்து பிரகாஷ் செல்போன் கடை வைத்திருக்கிறார். போன் பழுதென்றால் நான் போகிற ஒரே இடம். அன்று அவர் இல்லை. கடையில் இருந்தவர் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வெள்ளை நிறத்தில் ஒரு குட்டி வயரைக் கொடுத்து, "இதச் சார்ஜ் போடுற ஓட்டையில மாட்டுங்க, சத்தம் கூடும்" என்றார். கூடத்தான் செய்தது, கொஞ்சம். ஆனால் கூடவே "ஸ்ஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல், குழாய் கசிகிற மாதிரி. வயலின் முடிந்ததும் இரைச்சல் மட்டும் மிச்சம். காது வலித்தது, பாதியிலேயே கழற்றிவிட்டேன். ஆனாலும் அவன் மனம் குளிரட்டும் என்று, அவன் கேட்காமலே, நானாக ஒரு மெசேஜ் தட்டினேன்: "இன்னொரு தடவ கேட்டேன். பாட்டு ரொம்ப நல்லாருக்கு." இதற்குப் பதில் வரவில்லை.

அடுத்தது மைக் செட் சொக்கு. தெருவில் பார்த்தவனிடம் வாய் தவறி, சத்தத்தைக் கூட்ட ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "ஆம்ப்தானே ஆச்சி? நம்மகிட்ட இருநூத்தைம்பது வாட் கெடக்கு, திருவிழாவுக்குக் கட்டுறது. சும்மா எடுத்துக்குங்க" என்று, இரும்புப் பெட்டி ஒன்றை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியே விட்டான். நல்லவேளை, அதைத் தொடுவதற்கு முன்னால் லூர்து பிரகாஷுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ டீச்சர், அதுல கிதுல மாட்டிப்புடாதீக! ஹெட்போனும் போயிரும், ஒங்க காதும் போயிரும். எடுத்துக்கிட்டு இங்குட்டு வாங்க."

போனேன். ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்குட்டுப் புடிச்சீக இத? அறுநூறு ஓம். ஸ்டுடியோ சாமானுல்ல."

"என் தம்பியோடது. அது என்ன அறுநூறு?"

"ஒங்க வீட்ல மேல்நிலைத் தொட்டிக்கு ரொம்பக் குறுகலான பைப்புன்னு வச்சுக்கங்க. தண்ணி ஏறணும்னா அழுத்தம் வேணும்ல? சாதா இயர்போனு முப்பது ஓம், போன் குடுக்கற அழுத்தத்துலயே பாடிரும். இது அறுநூறு. போனுக்குத் தெம்பு பத்தாது."

"அப்ப சொக்கு குடுத்த பெட்டி?"

"அது தீயணைப்பு வண்டி டீச்சர்." சிரித்தார். "வாட்டு வாட்டுன்னு சொல்லி விப்பாய்ங்க, அதக் காதுல வாங்காதீக. இந்த மாதிரி ஹெட்போனுக்கு வோல்ட்டுதான் கணக்கு. ரெண்டு வோல்ட்டாச்சும் தரணும், இரைச்சலும் இருக்கக் கூடாது. நம்ம கடையில குடுத்தாகளே வெள்ள வயரு, அதுல அந்த ரெண்டும் கெடையாது. நான் இருந்திருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

"வீட்டுல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. அதுல சவுண்ட் கார்டு போடலாமா?"

"போடலாம். நல்ல கார்டுன்னா அறுநூறையும் இழுக்கும். ஆனா பழைய பெட்டின்னா உள்ள இருக்க ஃபேன், கரண்டு எல்லாம் சேந்து உறுமும். மெல்லிசான சத்தமெல்லாம் அதுல அமுங்கிரும். மேசையில வைக்கிற ஆம்ப் பன்னெண்டாயிரம், அது ஒங்களுக்கு வேணாம். போன்ல மாட்டுற வெரல் அளவு ஆம்ப் ஒண்ணு இருக்கு, ரெண்டு வோல்ட்டு தருது, சுத்தமா இருக்கும். மூவாயிரத்து நானூறு. வரவழைக்கப் பத்து நாளாகும்."

மூவாயிரத்து நானூறு என் சம்பளத்துக்குப் பெரிய தொகைதான். சரி என்றேன்.

ஆம்ப் வருவதற்குள் தேனம்மை வந்தாள். என்னோடு வேலை பார்க்கிற தமிழ் டீச்சர். வந்ததும் வராததுமாக, "என்ன மீனா, தம்பி வந்திருக்காக போல, சொல்லவே இல்ல?" என்றாள்.

"யாரு தம்பி?"

"ஒன் தம்பி நாராயண்தான். சனிக்கிழமை அரியக்குடி கோயில்ல பாத்தேனே. பொண்டாட்டி, பிள்ளையோட நின்னாக. பிள்ளை அப்படியே ஒன் மூக்கு."

அரியக்குடி இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஆட்டோவில் ஏறினால் கால் மணி நேரம்! அவ்வளவு தூரம் வந்தவன் இங்கே வரவில்லை. என் மூக்கோடு ஒரு பிள்ளை இந்த ஊருக்கு வந்து பெருமாளைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போயிருக்கிறது. தேனம்மை போனதும் ஹெட்போனைப் பெட்டியில் போட்டு மூடி, பீரோவுக்கு மேலே தூக்கி எறியாத குறையாக வைத்தேன். பாட்டை அனுப்பத் தெரிகிறது, படி ஏறத் தெரியவில்லையோ துரைக்கு? அவனைப் படி ஏறாதே என்று சொன்னது யார் என்பதை மட்டும் அந்த நேரத்துக்கு வசதியாக மறந்துவிட்டேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

லூர்து பிரகாஷுக்குப் போன் போட்டு, "அந்த ஆம்ப் வேணாம்பா" என்றேன்.

"இப்பத்தான் டீச்சர் பார்சலப் பிரிச்சேன். வேணாம்னா திருப்பிப்புடலாம். ஆனா ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்களேன். இம்புட்டு அலைஞ்சிருக்கீக."

அவருக்காகத்தான் போய் வாங்கிவந்தேன் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். ஜூன் முதல் வாரம், மத்தியான நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கதவைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன், ஹெட்போனை இறக்கித் துடைத்து, அந்த விரல் அளவு சாமானைப் போனில் மாட்டிப் பாட்டைப் போட்டேன்.

வயலின் என் தலைக்குள்ளேயே எழுந்தது. வில் நரம்பில் படுவதும், வாசிப்பவர் மூச்சை இழுப்பதும்கூடக் கேட்டது. இதைத்தானா மூன்று தெருவுக்கு அப்பால் வைத்து நல்லாருக்கு என்றேன்? அழுகையாக வந்தது. நாலாம் நிமிடத்தில் வயலின் நின்றது. கோடு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி வரைக்கும் என்றானே, இருக்கட்டும் என்று கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இரைச்சல் இல்லாத சுத்தமான மௌனம்.

யாரோ இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்கள்.

"ஆச்சி..." காதோரத்தில், ரகசியம் பேசுகிற குரலில், நாராயண். "மே கடைசில ஊருக்கு வர்றோம். நான், அவ, பிள்ள. பிள்ளைக்கு அஞ்சு வயசாச்சு. அத்தை எப்படி இருப்பாகன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. வீட்டுக்கு வரவா ஆச்சி? போன்ல கேக்கப் பயமாருக்கு. வான்னா வான்னு சொல்லு. வேணாம்னா, வேணாம்னு மட்டும் சொல்லிராத. இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது. அப்பச்சி சொல்ற மாதிரி, பாட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டு விட்ரு. நான் புரிஞ்சுக்குவேன்."

அவ்வளவுதான். கோடு நின்றுவிட்டது.

போனில் எங்கள் மெசேஜ்களை மேலே தள்ளிப் பார்த்தேன். பாட்டு நல்லாருக்கு. நல்லாருக்கு. மூன்றாவதாக, அவன் கேட்காமலே, ரொம்ப நல்லாருக்கு. என் தம்பியை மூன்று தடவை வாசலிலிருந்து விரட்டியிருக்கிறேன். அப்படியும் அவன் அரியக்குடி வரைக்கும் வந்து நின்றிருக்கிறான்.

ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அப்படியே அவன் நம்பரை அழுத்தினேன். ஏழு வருடத்தில் முதல் தடவை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டான், அவன் இடத்தில் நான் இருந்தால் எடுக்கமாட்டேன் என்று நினைக்கும்போது எடுத்தான். ஹலோ வரவில்லை. இரண்டு செருமல்தான் வந்தது.

"டேய்" என்றேன். "பாட்டு நல்லாவே இல்லடா."

அவன் மூச்சு மட்டும் இரண்டு காதிலும் கேட்டது.

"கேக்குதா? நல்லாவே இல்ல. கொஞ்சங்கூட நல்லால்ல. கிறுக்கி மாதிரி நல்லாருக்குன்னு சொல்லிட்டேன், எனக்குக் காதே கேக்கலடா, இன்னைக்குத்தான் கேட்டுச்சு..." அவன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அவனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குரல், "ஏன்ப்பா அழுவுற? யாருப்பா அது?" என்றது.

"அத்தை" என்றான்.